நான்காவது வால்வு

லோகேஸ்வரியின் வீட்டில் பொட்டு வைக்காத பொருள் என்று எதுவும் இல்லை. ரைஸ் குக்கர், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், தையல் மிஷின், வாசல் கிரில் கதவு, எல்லாவற்றிலும் போன ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் ஒரே அச்சு. பெரிய சந்தன வட்டம், அதன் நடுவில் குங்குமம், வட்டத்துக்கு மேலே கடுகளவில் தனியாக இன்னொரு குங்குமம். அந்த மேல்பொட்டு கண் படாமல் இருக்க அவளாகவே சேர்த்துக்கொண்டதாம். கேட்காமலே சொன்னாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்தா நமக்கும் வெச்சிருவாங்க பாஸ்" என்று சின்னையா ஜெயமாலாவின் காதருகே முணுமுணுத்தார்.

ஜெயமாலா சிரிக்கவில்லை. எதிர்ச் சுவரில் மாலை போட்ட படத்தில் பரமேஸ்வரன் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடியிலும் அதே சந்தனம், அதே குங்குமம், அதே மேல்பொட்டு. அதை மட்டும் ஆயுத பூஜைக்கு வைக்கவில்லை.

ஜெயமாலா காப்புறுதி நிறுவனம் ஒன்றில் விபத்துகளை ஆராய்ந்துவிட்டு, அங்கே எழுதச் சொன்னதை எழுத மனமில்லாமல் வெளியே வந்தவள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். சின்னையா அவளைவிட இருபது வயது மூத்தவர், முன்னாள் டாக்சி ஓட்டுநர். கைப்பேசியில் கார் கூப்பிடும் காலம் வந்ததும் டாக்சியை விட்டார். வாயை மட்டும் விடவில்லை.

வழக்கு சிக்கலானதாகத் தெரியவில்லை. பரமேஸ்வரனிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. எழுபதுகளில் இத்தாலியில் செய்த இரண்டு இருக்கை வண்டி. ஒரு பங்களாவின் ரம்புத்தான் மரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, கிள்ளான் மெக்கானிக் பழனியப்பனோடு சேர்ந்து உயிர் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கார் நண்பர்களோடு பந்திங் வழியாக மோரிப் கடற்கரைக்குப் போய் நாசி லெமாக் சாப்பிட்டுத் திரும்புவது வழக்கம். இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்படிப் போனவர் திரும்பவில்லை. ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் நடுச்சாலையில் இறுகி நின்றது. பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்று எதிரே வந்த லோரிக்குள் போனது.

உடைந்தது ஒரு வால்வு. அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களில் புகை வெளியேறும் வால்வின் தண்டு உள்ளே குழாயாக இருக்கும். சூட்டைக் கடத்துவதற்காக அதில் சோடியம் அடைத்திருப்பார்கள். தலையும் தண்டும் தனித்தனியாகச் செய்து ஒட்டவைத்தவை. வயதானால் ஒட்டு விட்டுப்போகும், தலை கழன்று சிலிண்டருக்குள் விழும். விவரம் தெரிந்தவர்கள் அந்தக் குழாய் வால்வுகளை எடுத்துவிட்டு, ஒரே துண்டாகச் செய்த கெட்டி வால்வுகளைப் போட்டுவிடுவார்கள். போட்டுவிட்டதாகத்தான் பழனியப்பனும் சொல்லியிருந்தார்.

லோகேஸ்வரி ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போலீஸ் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அதை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஜெயமாலா வெளியே எடுத்துப் பார்த்தாள். தலையில்லாத தண்டு. உடைந்த பக்கம் குழாயின் ஓட்டை தெரிந்தது. மறுமுனையில் நகக்கண் அளவில் ஒரு நட்சத்திரம் குத்தியிருந்தது.

"நாலையும் மாத்திட்டேன்னு சாமி மேல கை வெச்சுச் சொன்னான்" என்றாள் லோகேஸ்வரி. "மாத்தியிருந்தா இது எப்படி உள்ள இருந்துச்சு? அண்ணே அண்ணேன்னு அவனுக்கு இந்த வீட்டுல சோறு போட்டேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம் மிஸ். அவன் செஞ்சான்னு நீங்க எழுதிக் குடுங்க. திங்கக்கிழமை போலீஸ்ல குடுக்கப் போறேன்."

கருமாதி அன்று கூட்டத்துக்கு நடுவில் அவள் பழனியப்பனைப் பார்த்துக் கொலைகாரன் என்று சொல்லியிருந்தாள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனாராம். மறுநாளிலிருந்து அவருடைய ஒர்க்‌ஷாப் திறக்கவில்லை.

கிள்ளானில் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த அந்த ஒர்க்‌ஷாப்பின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்தார்கள். பழனியப்பன் ஒரு ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்த இடத்தில் இருதய அறுவை சிகிச்சையின் தழும்பு தெரிந்தது. ஜெயமாலா தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நான்தான் போட்டேன். என் தப்புதான். எழுதிக்குங்க."

இத்தனை வருடத் தொழிலில் இவ்வளவு சுறுசுறுப்பாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் யாரையும் ஜெயமாலா பார்த்ததில்லை. தப்பு செய்தவன் முதலில் தண்ணீர் கேட்பான், அல்லது வக்கீலைக் கேட்பான். அவள் எதையும் எழுதாமல் இன்ஜினைக் காட்டச் சொன்னாள். அது மூலையில் கான்வாஸ் துணிக்கு அடியில் கிடந்தது. பழனியப்பன் மனமில்லாமல் துணியை விலக்கினார். சிலிண்டர் தலை கழற்றி வைக்கப்பட்டிருந்தது. மிச்சம் மூன்று வால்வுகளையும் அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கையில் கனத்தன. எதிலும் நட்சத்திரம் இல்லை. மூன்றும் கெட்டி.

"நாலு இட்லியில மூணை நல்லதா வெச்சுட்டு ஒண்ண மட்டும் ஊசினதா வெக்கிற கடைக்காரன் இருக்கானா பாஸ்?" என்றார் சின்னையா.

அதையேதான் அவளும் கேட்டாள். பழனியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒன்று குறைந்துவிட்டது, பழையதையே போட்டுவிட்டேன் என்றார். பொய் சொல்லிப் பழகாத வாய் என்று கேட்டவுடனே தெரிந்தது.

சின்னையா அதற்குள் அலமாரியை நோண்ட ஆரம்பித்திருந்தார். புத்தம் புதிய ஸ்பார்க் பிளக் பெட்டி ஒன்றைத் திறந்தவர் முகம் சுளித்தார். உள்ளே கரி பிடித்த பழைய பிளக்குகள். புதுப் பெட்டியில் குப்பையை வைத்திருக்கிறீர்களே என்று கேட்டதும் பழனியப்பனுக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது.

"குப்பை இல்லண்ணே. கழட்டினத கஸ்டமர் கண்ணால பாக்கணும். இல்லாட்டி மாத்தாமயே மாத்தினேன்னு சொல்லிட்டான்னு பேசுவாங்க. பழசக் கழுவி, புதுசு வந்த பெட்டியிலயே போட்டுக் கையில குடுத்திருவேன். எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

ஜெயமாலா அதை மனத்தில் குறித்துக்கொண்டு மறுபடி இன்ஜின் பக்கம் குனிந்தாள். இறுக்கி முடித்த போல்ட்டில் ஒரு சொட்டு நிறம் வைப்பது மெக்கானிக்குகளின் பழக்கம். வைத்துவிட்டால் எது இறுக்கியது, எது இறுக்காதது என்ற குழப்பம் வராது. அந்த ஒர்க்‌ஷாப்பில் பார்த்த இடமெல்லாம் மஞ்சள் பெயிண்ட். இந்த இன்ஜினின் அடிப்பாகத்திலும் மஞ்சள். தலைப்பாகத்து போல்ட்டுகளில் மட்டும் மஞ்சள் உடைந்து, அதன் மேல் ரோஸ் நிறம் பளபளத்தது.

"மஞ்ச தீந்துபோச்சு" என்றார் பழனியப்பன், அவள் கேட்காமலே.

வெளியே வந்ததும் சின்னையாவால் பொறுக்க முடியவில்லை. "பாஸ், அது பெயிண்டே இல்ல. கியூட்டெக்ஸ். பொம்பளைங்க நகத்துக்குப் போடுறது. இந்த வேலைய செய்யற ஆளு இந்த வட்டாரத்துலயே ஒருத்தன்தான். செலாயாங் குரு. என் டாக்சி இன்ஜினுக்கே ரோஸ் அடிச்சுவிட்டான் லா. பானட்டத் தொறந்தா கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கும்."

செலாயாங் மொத்தச் சந்தையைத் தாண்டி, காய்கறி லோரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு, குருவின் ஒர்க்‌ஷாப்பை அடைந்தபோது மதியமாகிவிட்டது. குரு நாற்பது வயது மனிதர். சின்னையாவைக் கண்டதும் சிரித்தார். கிள்ளான் சிவப்புக் கார் என்று கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. அப்படி ஒரு வண்டி இங்கே வரவில்லை என்றார்.

மேசையில் வாஷர்கள் போட்டுவைத்திருந்த ஒரு சின்ன அட்டைப் பெட்டியை ஜெயமாலா பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டு எழுத்துகளும் வால்வு படமும் போட்ட பெட்டி. அதன் மூடியில் காய்ந்துபோன சந்தன வட்டம். நடுவில் குங்குமம். வட்டத்துக்கு மேலே கடுகளவில் இன்னொரு குங்குமம்.

சின்னையாவும் அதைப் பார்த்துவிட்டார்.

"குருண்ணே, இந்தப் பெட்டிய அந்த அக்காதானே கொண்டாந்தாங்க?" என்று ஜெயமாலா கேட்டாள்.

குரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் மறைக்க அவருக்கும் தெம்பில்லை. போன வருடக் கடைசியில் அந்த வண்டியின் டைமிங் பெல்ட் நழுவி, ஒரு வால்வு வளைந்துவிட்டது. பழனியப்பன் அப்போது ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். வேறு வழியில்லாமல் பரமேஸ்வரன் வண்டியை இங்கே கொண்டுவந்தார். வளைந்த வால்வுக்கு மாற்று இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். அதற்குள் அவர்களுடைய இருபத்தைந்தாம் கல்யாண நாள் போய்விடும். அன்றைக்கு மனைவியை உட்காரவைத்து மோரிப்புக்கு ஓட்டிப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. வெளியே சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிப்போய்த் திரிந்தாராம்.

ஒருநாள் லோகேஸ்வரி தனியாக கிராப் கார் பிடித்து இங்கே வந்தாள். சாமி அலமாரியிலேயே புது வால்வு இருக்கிறது, அவருக்கு மறந்துபோயிருக்கும், இதைப் போட்டு வண்டியை ஓடவையுங்கள், நான் கொடுத்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சிவிட்டுப் போனாள்.

"பெட்டி புதுசு. வால்வு வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி மின்னுச்சு. வெளிய பாத்தா குழாயா கெட்டியான்னு தெரியாது. நான் ஏன் சந்தேகப்படணும்?" என்றார் குரு. "விபத்துக்கப்புறம் பழனியண்ணே இன்ஜினைத் தொறந்து பாத்துட்டு நேரா இங்க வந்தாரு. நான் சொன்னதும் அப்படியே சுவத்துல சாஞ்சுட்டாரு. அவரு கழட்டிக் குடுத்த பழைய வால்வு அது. யார்கிட்டயும் மூச்சு விடாதன்னு என் கையப் புடிச்சுக்கிட்டாரு."

கிளம்பும்போது குரு இன்னொன்றும் சொன்னார்.

திரும்பும் வழியில் அவள் பழனியப்பனை அழைத்தாள். செலாயாங்கிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

"பரமா போயிட்டாரு" என்றார் அவர். "இது தெரிஞ்சு அந்தப் பிள்ளை லோகாவும் போகணுமா மேடம்? என் கடை மூடினது மூடினதாவே இருக்கட்டும். அவங்களுக்குத் திட்டறதுக்கு ஒரு ஆளு வேணும். அது நானாவே இருந்துட்டுப் போறேன்."

ஜெயமாலா போனை வைத்தாள். பொய்யை எழுத மாட்டேன் என்று வேலையை விட்டு வந்தவள் அவள். இன்றைக்கு எழுதலாம் என்று தோன்றியது. அந்த மனிதரையும் காப்பாற்ற வேண்டும், இந்தப் பெண்ணையும் உடைக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்த சாமானிலேயே கோளாறு, யார் மேலும் குற்றமில்லை என்று சொல்லிவிடலாம். சின்னையாவிடம் கேட்டாள். அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், சொல்லிடுங்க பாஸ், புண்ணியமாப் போகும் என்றார்.

லோகேஸ்வரி கதவைத் திறந்தபோது சாயங்காலமாகியிருந்தது. அந்த மாடி வீட்டுக்குக் கீழே பூக்கடை ரேடியோவும் மோனோரயில் போகும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. ஜெயமாலா தயாரித்துவைத்திருந்ததை அப்படியே சொன்னாள். பழனியப்பன் ஏமாற்றவில்லை. வந்த பெட்டியிலேயே சாமான் மோசம். அவருக்கும் தெரியாது, யாருக்கும் தெரிந்திருக்க முடியாது.

லோகேஸ்வரி நீண்ட நேரம் கணவரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. களைத்துப்போயிருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி, அவரை அவ்வளவு பேர் முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றாள். சின்னையா மெல்ல மூச்சுவிட்டார்.

"ஒரு நிமிஷம் இருங்க மிஸ்" என்று எழுந்து சாமி அலமாரிக்குப் போனவள், மூன்று சின்ன அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மூன்றிலும் சந்தனம், குங்குமம், மேல்பொட்டு. "இது வேற செட்டு. அவரு ஸ்பேருக்கு வாங்கி வெச்சிருந்தது. இனிமே இங்க இருந்து என்ன பண்றது? இவரோட மோரிப் போற கிஷன்கிட்ட இதே காருதான் இருக்கு. போன மாசந்தான் அவனுக்குக் குழந்தை பொறந்திருக்கு. இப்ப வந்து எடுத்துட்டுப் போறேன்னான். யாரோட வண்டியிலயாவது ஓடட்டும், அவருக்கும் சந்தோஷமா இருக்கும்."

ஜெயமாலாவின் கை தானாகவே பெட்டிகளின் மேல் போய்விட்டது. "அக்கா, இத நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

"ஏன்?"

ஒரு நல்ல பொய் கிடைத்திருந்தால் அந்த வீடு அன்றைக்குத் தப்பித்திருக்கும். ஜெயமாலாவுக்குக் கிடைக்கவில்லை. சின்னையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லோகேஸ்வரி அவளுடைய கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு ஒரு பெட்டியைத் திறந்தாள். வால்வைத் திருப்பி முனையைப் பார்த்தாள். இன்னொரு கையால் பிளாஸ்டிக் பையை எடுத்தாள். இதுவரை பார்க்கவே மாட்டேன் என்றிருந்த அந்த உடைந்த தண்டை எடுத்துப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டிலும் நகக்கண் அளவில் நட்சத்திரம்.

"பூஜைக்கு முன்னாடி நான்தான் தேய்ச்சேன்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எண்ணெயா இருந்துச்சு. புதுசு அப்படித்தான் வரும்னு நெனச்சேன். குத்துவிளக்கோட சேத்துப் புளி போட்டுத் தேய்ச்சேன். இந்த நட்சத்திரத்துக்குள்ள மட்டும் கருப்பு போகல. ஊசியால எடுத்தேன். நாலுலயும் எடுத்தேன்."

இரண்டு முனைகளையும் அவள் மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது பழசு, இல்ல?"

ஜெயமாலா தலையசைத்தாள். பழனியப்பனின் வழக்கத்தைச் சொன்னாள். கழற்றிய பழையதைப் புதுசு வந்த பெட்டியில் போட்டுத் தருவார் என்பது பரமேஸ்வரனுக்குத் தெரியும். அவர் அதை அலமாரியில் நினைவுக்காக வைத்திருக்கிறார். வீட்டில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

லோகேஸ்வரி இரண்டு கையிலும் இரண்டு வால்வுகளைப் பிடித்தபடியே இருந்தாள். "நான் குடுத்தேன்னு அவருக்குத் தெரியுமா?"

குரு கடைசியாகச் சொன்னது அதைத்தான். இதில் பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை. வண்டி எடுக்க வந்த அன்று குரு வாயை அடக்க முடியாமல், உங்க வீட்டுக்காரம்மா கொண்டுவந்து கொடுத்தாங்க என்று சொல்லிவிட்டார். தனக்குத் தெரியாமல் அவளே இங்கிலாந்திலிருந்து வரவழைத்திருக்கிறாள் என்று பரமேஸ்வரன் நினைத்துக்கொண்டார். பிளக்குக்கும் வால்வுக்கும் வித்தியாசம் தெரியாதவள் எங்கே போய் யாரிடம் கேட்டு வாங்கினாளோ என்று கண் கலங்கச் சிரித்தாராம். அவளாகச் சொல்லும்வரை நான் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன் என்றாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மோரிப்பில் நண்பர்களிடம், இந்த வண்டி என் பொண்டாட்டி வாங்கிப் போட்ட வால்வில் ஓடுது என்று சொல்லாத நாளில்லை என அந்த நண்பர்கள் குருவிடம் சொன்னார்களாம். கடைசி ஞாயிற்றுக்கிழமையும் கிளம்புவதற்கு முன்னால் சொல்லியிருக்கிறார்.

இரண்டு பேரில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும். ஒருவரையொருவர் சந்தோஷப்படுத்துவதற்காக இரண்டு பேரும் பேசாமல் இருந்துவிட்டார்கள். ஜெயமாலா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே அது அந்த மேசை மேல் இருந்தது.

"கல்யாண நாளுக்கு மோரிப் போனோம்" என்றாள் லோகேஸ்வரி. "வழியெல்லாம் என்னையே திரும்பித் திரும்பிப் பாத்து சிரிச்சாரு. ரோட்டப் பாருங்கன்னு திட்டினேன்."

வாசல் மணி அடித்தது. கிஷனாக இருக்கும். சின்னையா மூன்று பெட்டிகளையும் எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வந்தவனைக் கீழே கூட்டிப்போய் ஏதோ சொல்லி அனுப்பப் போனார். போகிற போக்கில் வழக்கமாக ஒரு வேடிக்கைப் பேச்சு இருக்கும். இன்றைக்கு இல்லை.

லோகேஸ்வரி கைப்பேசியை எடுத்தாள். பழனியப்பனின் எண்ணை அவள் அழித்திருக்கவில்லை.

"அண்ணே, லோகா பேசறேன். நாளைக்குக் கடையத் தொறங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. யார் சொன்னது என்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஜெயமாலாவுக்கே கேட்கும்படி அந்தப் பக்கம் ஒரு விசும்பல் வந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பழனியப்பன் கேட்டார்.

"சாப்பிட்டியாம்மா?"

இரண்டு மாதமாக யாரும் அவளைக் கேட்காத கேள்வி அது. இல்லைண்ணே என்றாள். பொட்டு வைத்த பிரிட்ஜில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்து அழுதாள். ஜெயமாலாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.